மூன்றாம் தரம் சொல்லாத உதுமான் நானா

உதுமான் நானா போய்விட்டார் என்ற செய்தியைக் காசிமை மூன்று முறை கத்தவைத்துத்தான் நான் கேட்டேன். ஆனி மாதம், ஆற்றில் செந்தண்ணீர். நான் அக்கரையில், பாதை என்கிற என் மிதவையை இரண்டு மரங்களுக்குக் கட்டிப்போட்டுவிட்டு நனைந்த கோழி மாதிரி உட்கார்ந்திருந்தேன். இக்கரையில், நம்முடைய துறைத்தெருப் படிக்கட்டில், நானாவின் மனைவியின் தம்பி காசிம் வந்து நின்று இரண்டு கையையும் வாயருகே குவித்து என்னவோ சொன்னார். ஆற்றின் இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. கேட்கவில்லை என்று கையை ஆட்டினேன். மறுபடி சொன்னார். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. "காலையில சாப்பிடலையா காசிம், சத்தமே வரலையே" என்று கத்தினேன். மூன்றாம் முறை ‘மௌத்து’ என்ற ஒரு சொல் மட்டும் தண்ணீரைத் தாண்டி வந்து சேர்ந்தது.

அன்றைக்குப் பாதையை அவிழ்க்க முடியாது. அவிழ்த்தால் நானும் பாதையும் கண்டிக்குப் போய்ச் சேர்ந்திருப்போம், அதுவும் தனித்தனியாக. பாலத்துக்குச் சுற்றிப் போகிற வழியில் இடுப்பளவு வெள்ளம். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு நானாவைத் தூக்கிக்கொண்டு ஆற்றோர வீதியால் போனார்கள். நான் எதிர்க்கரையில் நின்று, அவர்கள் போகிற வேகத்துக்கே நடந்துகொண்டு பார்த்தேன். மூங்கில் புதர் வந்து என் வழியை மறித்தது. அதற்கப்பால் போக இடமில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

இதைப் படிக்கிற துறைத்தெருக்காரர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். தெரியாத யாராவது கம்பளைக்குப் பெண் எடுக்க வந்த இடத்தில் இதை எடுத்துப் பார்க்கலாம் என்பதால் சொல்கிறேன். உதுமான் நானா ஆற்றோரச் சந்தையில் ஏலம் கூறுகிறவர். வெற்றிலை, பாக்கு, பலாக்காய், மிளகு, எது வந்தாலும் அவர் வாயால்தான் விலைபோகும். அவர் "ஒரு தரம்" என்றால் அக்கரையில் மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். நான் பாதைக்காரன் முனியாண்டி. இரண்டு தோணிகளைச் சேர்த்துப் பலகை அடித்து, கரைக்குக் கரை கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்து ஆட்களைச் சேர்க்கிற மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்று பெயர். அரிச்சுவடியில் பாதி தாண்டியதும் அப்பா என்னைக் கயிறு இழுக்கக் கூப்பிட்டுக்கொண்டார். ஆகையால் இந்த எழுத்தில் உள்ள புள்ளிகளெல்லாம் ரயில்வே ஸ்டேசன் கிளாக்கர் தம்பையா வைத்துத் தந்தவை. பிழைகள் மட்டும் என்னுடையவை.

நானாவோடு எனக்குச் சினேகிதம் ஏற்பட்டதே ஒரு களவினால். எனக்கு யார் குரலையும் பிடித்துக்கொண்டு பேச வரும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. நாள் முழுக்க ஆற்றின் நடுவில் நின்றுகொண்டு இரண்டு கரையிலிருந்தும் கூப்பிடுகிறவர்களைக் குரலை வைத்தே அடையாளம் கண்டு பழகிய வாய். ஒருநாள் நானா தேநீர் குடிக்கப் போன நேரம், நான் பலாக்காய்க் குவியலுக்குப் பின்னால் குந்திக்கொண்டு அவர் குரலில் ஒரு வெற்றிலைக் கட்டை ஏலம் விட்டேன். பேராதனை வியாபாரிகள் இரண்டு பேர் மும்முரமாக ஒருவரை ஒருவர் மிஞ்சிக் கேட்டார்கள். "ரெண்டு தரம்" வரைக்கும் வந்துவிட்டேன். கூட்டத்தின் பின்னாலிருந்து இன்னொருவர் இன்னும் ஏற்றிக் கேட்டார். எட்டிப் பார்த்தால், கையில் தேநீர்க் கோப்பையோடு உதுமான் நானா.

சந்தையே சிரித்தது. அவர் என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். கோப்பையைக் காலி செய்துவிட்டுச் சொன்னார்: "சாமானக் களவெடுத்தா பொலிசுக்குச் செல்லலாம். சத்தத்தக் களவெடுத்தவன என்ன செய்ற? கூட வச்சிக்கிற வேண்டியதுதான்."

அப்படித்தான் என்னைக் கூட வைத்துக்கொண்டார்.

துறைவிழா தொடங்கியதும் அவருடைய யோசனைதான். அதற்கு முன்பு பள்ளிவாசல் கந்தூரி ஒரு பக்கம், மாரியம்மன் கோயில் திருவிழா ஒரு பக்கம், அக்கரைச் சிங்கள மேளக்காரர்களுக்கு அவர்கள் பெரஹர ஊர்வலம். ஒருவர் விசேஷத்துக்கு மற்றவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவோம். மாசி மாதம் ஆறு வற்றி மணல்திட்டு தெரியும். மக்கள் நடந்தே கடப்பார்கள். என் பாதையும் அதற்கு மாற்றாக வைத்திருக்கும் இன்னொரு பாதையும் மடுவில் சும்மா கிடக்கும், என்னைப் போலவே. அதைப் பார்த்து நானா, சும்மா கிடக்கிற பாதையைச் சேர்த்துக் கட்டினால் மேடை, மணலில் உட்கார்ந்தால் சபை, இதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றார். லுஹர் முடிந்து தொடங்கி, பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பாங்கு சொல்லுமுன் முடித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கலஹாத் தேயிலைத் தோட்டத்துத் தப்பு, பக்கீர் பாவாமாரின் றபான் கொட்டு, அக்கரை மேளம், தம்பையாவின் ஆர்மோனியம். பெண்கள் பின்னிய பாயும் விசிறியும் காகிதப் பூவும் கரையோரக் கொடியில் தொங்கும்.

முதல் வருடமே சண்டை. தப்புக்காரர்களும் றபான்காரர்களும் தாங்கள்தான் முதலில் என்று நின்றார்கள். நானா மேடையில் ஏறி, முதலிடம் ஏலத்துக்கு வந்திருக்கிறது என்று அறிவித்தார். ஏலக் கேள்வி காசு அல்ல. மற்றவன் வாசிப்பதை எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு கேட்பாய் என்பதுதான் கேள்வி. தப்புக்கார மூப்பன் ஒரு மணி நேரம் என்றார். பாவா இரண்டு மணி என்றார். மூப்பன் வீம்புக்குப் பாங்கு சொல்லும்வரை என்று போட்டார். ஏலம் அவருக்கே போயிற்று. மனிதன் முதலில் வாசித்துவிட்டு, சொன்ன சொல்லுக்காக அன்று மாலைவரை மணலில் அசையாமல் உட்கார்ந்து கேட்டார். அடுத்த வருடத்திலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

இன்னொரு வழக்கமும் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கூட்டம் மேடையேறும்போதும் சபையை அடக்க அவர் "ஒரு தரம்" என்பார். பேச்சு பாதியாகும். "ரெண்டு தரம்" என்பார். பிள்ளைகளின் அழுகைகூட நின்று, தண்ணீர் ஓடுவது கேட்கும். மூன்றாம் தரத்தை அவர் சொல்லமாட்டார். அந்த இடத்தில் மேளத்தின் முதல் அடி விழும். ஏன் நானா மூன்றாவதை முழுங்குகிறீர்கள் என்று கேட்டேன். "மூணாம் தரம் செல்லிட்டா சாமான் போயிரும்டா. இது விக்கிறதுக்கா ஈக்கி?" என்றார்.

இரண்டு கூட்டங்களுக்கு இடையில் நான் ஏறி அவரைப்போலப் பேசிக்காட்ட வேண்டும். நிஜ நானா பக்கத்தில் நிற்க, பொய் நானா ஏலம் கூறுவேன். சபைக்கு அதில்தான் ருசி.

போன வருட மாசிக்கு முன்னால் அவர் குரல் கரகரக்கத் தொடங்கியது. மார்கழிப் பனியில் சந்தையில் கத்தியதால் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தோம். விழாவில் நான் மேடையேறி அந்தக் கரகரப்பைப் பிடித்தேன். எண்ணெய் காணாத கப்பி கிணற்றில் சுற்றுவதுபோல, வார்த்தை பாதியில் சிக்கி, இருமி, மறுபடி புறப்படுகிறதுபோல. அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் என் வாழ்நாளில் வாங்கியதில்லை. மூப்பன் மணலில் விழுந்து புரண்டார். இன்னொருக்கா, இன்னொருக்கா என்றார்கள். மூன்று முறை செய்தேன். நானாவும் சிரித்தார். தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இறங்கும்போது என் முதுகில் தட்டி, "இந்த முற அச்சு அசலாப் புடிச்சிட்டாய்" என்றார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் தேநீர்க் கடை கடையாக அதையே செய்துகாட்டினேன். பாதையில் ஏறியவனெல்லாம் கேட்டான், செய்தேன்.

ஆவணியில்தான் தெரிந்தது, தொண்டையில் புற்று. கண்டியில் டாக்குத்தர் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார் என்று காசிம் சொன்னார். அன்றைக்கு நான் ஆட்களை ஏற்றாமல் வெறும் பாதையை இக்கரைக்கும் அக்கரைக்கும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

நம்மால் செய்ய முடிந்ததெல்லாம் செய்தோம் என்று சொல்லிக்கொள்கிறோம். என்ன செய்தோம்? நான் சித்தரத்தையும் கற்கண்டும் கொண்டுபோனேன். மேளக்காரர்கள் அக்கரைச் சிங்கள வைத்தியர் வெதமாத்தையாவிடமிருந்து ஒரு எண்ணெய். பள்ளிவாசலிலிருந்து ஓதிய தண்ணீர். மூப்பன் அம்மன் கோயில் விபூதியை வெற்றிலையில் மடித்துக் கொண்டுவந்து, கொடுக்கலாமா கூடாதா என்று வாசலிலேயே அரை மணி நேரம் நின்றார். நானா அதையும் வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒன்றுக்கும் நோய் கேட்கவில்லை. தை மாதம் குரல் முழுக்க நின்றது. மேசையில் விரல் மொட்டியால் ஒரு தட்டு தட்டினால் ஆம், இரண்டு தட்டினால் இல்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பகடி பேசுவேன். சிரித்தால் அவருக்குத் தொண்டை வலிக்கும். அது தெரிந்து நான் வாயை மூடினால் மேசையில் இரண்டு தட்டு தட்டுவார். பேசினாலும் வலி, பேசாவிட்டாலும் கோபம்.

இந்த வருட விழா நடக்க வேண்டும் என்று காசிம் மூலம் சொல்லி அனுப்பினார். அறிவிப்பு நான் செய்ய வேண்டும். அவர் குரலில். அதுவும் பழைய குரலில். தான் ஒருமுறை அதைக் கேட்க வேண்டுமாம்.

ஆற்றின் நடுவில் நின்று பத்து நாள் பழகினேன். வரவில்லை. பலாக்காய்க் குவியலுக்குப் பின்னால் நின்று வியாபாரிகளையே ஏமாற்றிய அந்தக் குரல் என் வாயில் இல்லை. வாயைத் திறந்தால் கப்பிதான் சுற்றியது. கரகரப்பை அத்தனை கடைகளில் விற்று விற்று, அடியில் கிடந்த நல்ல சாமானைத் தொலைத்துவிட்டிருந்தேன். தம்பையாவிடம் போய் அழாக்குறையாகச் சொன்னேன். அவர், "நீர் மேடையில ஏறும் காணும், ஏறினாப் பிறகு வரும்" என்று தைரியம் சொன்னார்.

ஏறினேன். நானாவை உட்கார்ந்திருந்த கதிரையோடு தூக்கிவந்து மணலில் வைத்திருந்தார்கள். கழுத்தில் கம்பளித் துண்டு, தலைக்கு மேல் காசிம் பிடித்த குடை. வாயைத் திறந்தேன். "ஒரு தரம்." கப்பி. கலஹாப் பக்கமிருந்து புதிதாய் வந்த ஒருவன், வழக்கமான வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். அவனை யாரும் அதட்டவில்லை. அவனாகவே நிறுத்திக்கொண்டான். "ரெண்டு தரம்" என்றேன், அதே கரகரப்பில். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவரைப் பார்த்தேன். அவர் கதிரைக் கையில் மொட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரே ஒரு தட்டு. தப்பு அடிக்க ஆரம்பித்தது.

ஆனியில் அவர் மௌத்தாகி நாலாம் நாள், வெள்ளம் வடிந்த பிறகுதான் நான் அவர் வீட்டுக்குப் போக முடிந்தது. நானாவின் மனைவி ராத்தா, பிற ஆண்கள் கண்ணில் படாமல் துக்கம் காக்கிற இத்தாவில், சீலைத் திரைக்கு அப்பால் இருந்தார்கள். காசிம் என்னை வெளி அறையில் உட்காரவைத்தார். நானாவின் கதிரை அங்கேதான் கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். மண் போட வரமுடியவில்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், போன வருடம் மேடையில் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

சீலைக்கு அப்பாலிருந்து ராத்தா பேசினார்கள். "அவருக்கு அப்பவே தெரியும் தம்பி. அதுக்கு முந்தின மாசமே டாக்குத்தர் செல்லிட்டாரு. அண்டைக்கு ஊட்டுக்கு வந்து, என்ட வருத்தத்துக்கு இண்டைக்கு ஊரே சிரிச்சிச்சு எண்டாரு. முனியாண்டிக்கு மட்டும் செல்லாதீங்க, தெரிஞ்சா அவன் வாய மூடிருவான் எண்டாரு."

காசிம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்தா மறுபடி, "புள்ளைகள்ட வாப்பாட சத்தத்த ஒருக்கா செல்லுங்களேன்" என்றார்கள்.

பழையதை வரவழைக்க என்னால் ஆனமட்டும் பார்த்தேன். கண்ணை மூடி, சந்தையை நினைத்து, பலாக்காய் வாசத்தைக்கூட நினைத்துப் பார்த்தேன். கரகரப்புத்தான் வந்தது. வெட்கத்தோடு நிறுத்தினேன். சீலைக்கு உள்ளேயிருந்து, "அதுவும் அவருடதுதானே" என்று ராத்தா சொன்னார்கள்.

அவருடைய நல்ல குரலைக் கேட்டவர்கள் துறைத்தெருவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அது உங்கள் காதில் இருக்கட்டும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் மிஞ்சியது அந்தக் கரகரப்பு. இப்போது கேட்கிறவர்களுக்குச் செய்துகாட்டுவதில்லை. ஆள் இல்லாமல் பாதையை இழுத்து வரும்போது, ஆற்றின் நடுவில், ஒரு தரம் என்கிறேன். இரண்டு தரம் என்கிறேன். அதற்கு மேல் சொல்லாமல், கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறேன். தண்ணீர் ஓடுகிறது.