முகம் வைக்காத மணப்பெண்

அக்கரப்பத்தனையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்த கஜேந்திரன், பள்ளிக்கூடத்தை விட்டதும் பெயின்ட் வேலைக்குக் கொழும்புக்குப் போனவன். வீட்டுச் சுவர்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டே முகம் வரையவும் பழகினான். வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடைச் சுவரில் மணப்பெண் படம் வரைய அவனைக் கூப்பிட்டார்கள்.

மாடலாக வந்து உட்கார்ந்த பெண்ணைக் கடையில் 'நிரூ' என்றார்கள். எல்லோரிடமும் சிங்களத்தில்தான் பேசினாள். ஏணி சறுக்கி அவன் "அடி ஆத்தே!" என்று அலறியபோது, பட்டுப்புடவையோடு ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்துண்ணே! நீங்க நம்ம தோட்டத்துப் பக்கமா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தாள். அவள் பெயர் நிரோஜினி. ஹட்டனுக்குக் கீழே ஒரு தோட்டம். அப்பா சூசைரட்ணத்துக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள்.

"மாடலுன்னு தெரிஞ்சா அப்பா என்னயத் தலமுழுகிருவாரு. யாருகிட்டயும் சொல்லிறாதீங்கண்ணே."

அவன் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மறுவருடம் புடவைக்கடை முதலாளி ஹட்டனில் ஒரு கிளை திறந்தார். "அதே பொண்ணு, அதே முகம். பஸ் ஸ்டாண்டிலிருந்து பாத்தாத் தெரியணும்" என்றார். கஜேந்திரன் நிரோஜினிக்கு போன் செய்தான்.

"எங்கப்பா தினமும் அந்த வழியாத்தாண்ணே போவாரு. முகத்த மட்டும் மாத்திருங்க."

முதலாளியிடம் கேட்டுப் பார்த்தான். "எல்லாக் கடைக்கும் சேத்துத்தான் அவ ஒத்துக்கிட்டா. உனக்கு முடியாட்டி வேற ஆளப் பாக்கிறேன்" என்றார் அவர்.

கஜேந்திரன் புடவையை வரைந்தான். நகைகளை வரைந்தான். மருதாணிக் கையை ஒவ்வொரு விரலாக இழுத்தடித்தான். மழையும் பனிமூட்டமும் சில நாட்களுக்கு அவனைக் காப்பாற்றின. முகமில்லாத மணப்பெண்ணைப் பார்த்து பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் மறுபடியும் அவளைக் கூப்பிட்டான்.

"இனி தள்ள முடியாது தங்கச்சி. நான் விட்டாலும் வேறொருத்தன் வரைவான்."

"வரைங்கண்ணே. அதுக்கு முன்னுக்கு நானே போய் வீட்டுல சொல்லிர்றேன்."

அவன் முகத்தை முடித்த சனிக்கிழமை மத்தியானம், தாய் ஜோசப்பினோடு அவள் சுவருக்கு எதிரே வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டதிலிருந்து அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். ஜோசப்பின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். கஜேந்திரன் திட்டு வாங்கத் தயாராகி இறங்கினான்.

"ஏன் தம்பி இவ்வளவு வெள்ளையா அடிச்சிருக்கீங்க? எம்புள்ள கலரு இது இல்லியே."

"முதலாளி அப்புடித்தான் சொன்னாருங்க."

"பெத்தவ நானா, அவரா?"

நிரோஜினி ரோட்டிலேயே அழுதாள். கஜேந்திரன் ஏணியில் ஏறி, பழுப்பான கபில நிறத்தைக் கலந்து, நெற்றி, கன்னம், கழுத்து எல்லாவற்றையும் பொழுது சாயுமுன் மாற்றினான்.

திங்கட்கிழமை முதலாளி வந்து கத்தினார். அந்த வாரமே வேறொரு பெயின்டர் முகத்தை மறுபடி வெளுப்பாக்கிவிட்டான். கஜேந்திரனுக்கு அந்தக் கடையின் வேலை அதோடு நின்றது.

நிரோஜினி கொழும்புக்குத் திரும்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பூசை முடிந்ததும் தாய்க்கு போன் செய்கிறாள். ஜோசப்பின் அதை ஸ்பீக்கரில் போடுகிறார். சூசைரட்ணம் எழுந்து போவதில்லை. வாய் திறப்பதும் இல்லை.