மாமாவுக்கு எடுத்த சக்கர நாற்காலி

சிங்கப்பூர் வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு ஒன்று மட்டும் பழகவில்லை. இங்கே டாக்டர் நோயாளியைப் பார்த்துப் பேசுகிறார். எங்கள் மன்னார்குடியில் உடன் நிற்பவரிடம்தானே பேசுவார்கள்? என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பசிக்கிறதா என்று கேட்டதற்குக்கூடச் சுற்றி நின்ற நாங்கள்தான் பதில் சொன்னோம். அப்பா வாயே திறக்கவில்லை. அதுதான் பாசம் என்று நினைத்தோம். இப்போதும் நான் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

குவீன்ஸ்டவுனில் எங்களோடு இருக்கும் என் மாமனாருக்கு எண்பத்தெட்டு வயது. நுரையீரலில் புற்றுநோய் என்றதும் வீடே ஆடிப்போனது. டாக்டரைப் பார்க்கப் போன அன்று, மாமா வேண்டாம் என்று சொல்லச் சொல்லச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, சால்வை போர்த்தித் தள்ளிக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு சீனப் பெண். தானே குளிப்பாரா, உடுத்துவாரா, வெளியே போவாரா என்று மாமாவிடமே கேட்டார். நான் விடுவேனா? வெந்நீர் விளாவுவது நான், சட்டைப் பொத்தான் போடுவது நான், தண்ணீர்கூட எழுந்து எடுக்க விடமாட்டேன் என்று ஆங்கிலத்தில் அடுக்கினேன். நல்ல மருமகள் என்று மெச்சுவார் என்றல்லவா பார்த்தேன்!

டாக்டர் முகம் வாடிவிட்டது. வயது தடையில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டிய உடம்பு புற்றுநோய் மாத்திரையைத் தாங்காது, வலியில்லாமல் பார்த்துக்கொள்வதே நல்லது என்றார். மாமாவின் வைத்தியத்துக்கு என் வாயாலேயே உலை வைத்துவிட்டேனே.

மாமாவுக்கு ஆங்கிலம் பேச வராது, கேட்டால் புரியும். சால்வையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

“நீ வேலைக்குப் போனதும் நான் தெனமும் பஸ் ஏறி தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் கோப்பி குடிச்சிட்டுதான் வர்றேன் லா. நீ கவலைப்படுவேன்னு சொல்லல. இப்ப அவங்ககிட்ட சொல்லும்மா.”

சொன்னேன். டாக்டர் அவரை வராந்தாவில் நடக்கச் சொன்னார். நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். ஆனாலும் போய்த் திரும்பிவிட்டார். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கிப் பார்க்கலாம் என்றார். அவரால் முடிந்ததை அவரையே செய்ய விடுங்கள் என்று எனக்கும் ஒரு மருந்து எழுதாமல் எழுதினார். தலையாட்டினேன். மனசு கேட்க வேண்டுமே!

டாக்ஸி நிற்கும் இடத்துக்கு மாமா முன்னால் நடந்தார். கையைப் பிடித்தால் கோபித்துக்கொள்வார். அவர் விழுந்தால் தாங்குகிற தூரத்தில், காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நான் பின்னாலேயே போனேன்.