சிடோனி மாதா கோயில் முற்றத்தை அள்ளிக்கொண்டு போன கதை

சிடோனியைப் பற்றிச் சொல்வதென்றால் நான் அவள் சிரிப்பிலிருந்துதான் தொடங்குவேன். வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பவர்கள் தாங்களே சொல்லிக்கொள்ளட்டும். படகு மோட்டார் சத்தத்தையும் மீறி எங்கள் காயல் முழுக்கக் கேட்கும் சிரிப்பு அது. லூசியானாவின் கடைசி மண் எங்கள் ஊர். அதன் விளிம்பில், தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நிற்கிறது அவளுடைய சிப்பிக் கடை. தெருவுக்கு எதிர்ப்புறம் பிளாசிட்டின் வறுவல் கடை. வறுவலுக்கு மிளகாய் எவ்வளவு போடலாம் என்று இருவரும் தினமும் தெருவின் குறுக்கே கத்திச் சண்டை போடுவார்கள்.

அந்த வருடம் அவள் சிரிப்பு குறைந்தது. கரைக்கு முன்னால் அலையை மறித்துக்கொண்டிருந்த சிப்பித் திட்டு அழிந்துபோனதால், கடைக்கு அடியிலிருந்த மண்ணை அலை தின்னத் தொடங்கியது. பின்பக்க மரக்கால்கள் அந்தரத்தில் தொங்கின. இன்னொரு புயல் வந்தால் கடை போயே போச்சு.

நேரே பிளாசிட்டிடம் போனாள். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன்.

"யோவ், உன் கடை சிப்பி ஓட்டயெல்லாம் குப்பைல போடாதய்யா. எனக்குக் குடு."

"எதுக்கு? மாலை கோத்துப் போட்டுக்கவா?"

"திட்டு கட்ட! என் கடை போச்சுன்னா அலை அடுத்து உன் வாசலுக்குத்தான் வரும்."

பிளாசிட் ஒரு தடவை தன் வாசலைப் பார்த்தான். மறுநாளே வாளி வாளியாக ஓடு அனுப்பினான். பாலத்தடி ஓட்டலும், பியர் கடையும், ஐஸ் கம்பெனியும் சேர்ந்துகொண்டன. ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஓடு மலையாகக் குவிந்து, வெயிலில் நாறி, காய்ந்து வெளுத்தது. தண்ணீர் சூடேறும்போது சிப்பிக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள உறுதியான இடம் தேடும். சேற்றில் விழுந்தால் செத்துவிடும். அதற்குள் ஓட்டைக் கொட்டியாக வேண்டும். ஒரு திங்கட்கிழமைக்குச் சரக்குப் படகு பேசியாயிற்று. அதை விட்டால் அந்தப் பருவத்துக்கு வேறு படகு இல்லை.

முந்தின நாள் ஞாயிறு பூசைக்குப் போனோம். சேறும் சகதியுமாக இருக்கும் கோயில் முற்றம் பாலைக் கொட்டினாற்போல வெள்ளையாக மின்னியது. சிடோனியின் அண்ணன் மகன் தியோபில், தன் லாரியில் சாய்ந்துகொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"எப்புடி அத்தை? சும்மா கெடந்துச்சே, அம்புட்டையும் கொண்டாந்து பரப்பிட்டேன்!"

அவனை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் காய்ந்த ஓட்டுக் குவியலைப் பார்த்தால் யாருக்கும் வாசலில் பரப்பத்தான் தோன்றும்.

பூசை முழுக்க சிடோனி முள் மேல் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் எழுந்தே விட்டாள்.

"பாதர், உங்க முற்றம் எனக்கு வேணும்."

"எத்தன வருஷமா சேத்துல நடந்தோம்மா! இப்பத்தான் மாதா கண்ணத் தொறந்திருக்கா."

"மாதா தொறக்கல பாதர். தியோதான் தொறந்தான், லாரியோட பின்கதவ."

கோயிலே சிரித்தது. பின்வரிசையிலிருந்து பிளாசிட் கத்தினான்: "ஒரு வாளி ஓடு அள்ளுறவங்களுக்கு என் கடைல ஒரு தட்டு வறுவல் சும்மா!"

கடை போனாலும் பொறுப்பாள் சிடோனி, இதைப் பொறுப்பாளா?

"என் கடைல ரெண்டு தட்டு!"

"பியரும் சேத்து!" என்றான் பிளாசிட்.

"நான் பாட்டும் பாடுவேன்!"

"ஐயோ! காது வேணுங்கிறவங்க என்கிட்ட வந்துருங்கப்பா!"

பாதர்தான் முதலில் அங்கியைக் கழற்றிச் சட்டைக்கையைச் சுருட்டினார். அப்புறம் கேட்க வேண்டுமா! ஞாயிற்றுக்கிழமைச் சட்டையும் பூப்போட்ட தொப்பியுமாக ஊரே குனிந்தது. தொப்பியில் அள்ளினார்கள், பிள்ளை வண்டியில் அள்ளினார்கள். பாடகர் குழு பாடிக்கொண்டே அங்கி மடியில் அள்ளியது. நான் முற்றத்து நடுவில் உட்கார்ந்து கைத்தடியால் ஓட்டை வாரினேன். "முழங்கால் வலிக்கும், எந்திரி" என்றவர்கள் அத்தனை பேரையும் திட்டி அனுப்பினேன். தியோவின் லாரி நிறைந்தது.

திங்கட்கிழமை படகிலிருந்து ஓட்டைத் தள்ளிக் கொட்டும்போது சிடோனி மண்வாரியோடு தண்ணீரில் விழுந்தாள். எழுந்து, சேறு வழிய அவள் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது.

அடுத்த வசந்தத்தில் ஒரு ஓட்டைத் தூக்கிப் பார்த்தோம். நகம் நகமாகக் குஞ்சுகள் ஒட்டியிருந்தன. அலை இப்போது தூரத்திலேயே உடைகிறது. ஓடு காய வைக்கும் இடம் இப்போது கோயில் முற்றம்தான். பாதி வருடம் பாதர் காலில் சேறு இல்லை. வருடாவருடம் ஓடு பொறுக்கும் ஞாயிறன்று வெளியூர்க்காரர்களும் வாளியோடு வருகிறார்கள். பாலத்தடி ஓட்டலில் தங்க அறையில்லை, ஐஸ் போதவில்லை, இரண்டு கடை வாசலிலும் வரிசை.

சிடோனி கடையின் பின்பக்கம், தண்ணீரைப் பார்த்தபடி, புது அறை கட்டுகிறாள். பலகை அறுப்பவன் பிளாசிட்.

"ஜன்னல இவ்ளோ பெருசா வச்சா காத்து பிச்சுக்கிட்டுப் போயிரும்டி!"

"காத்து வரட்டும்யா. அலைதான் இனி வராதே. நீ அறு!"