ராஜையா ரகசியம் சொன்னால்

தனுவச்சபுரத்தில் மைக் செட் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்த ஜெயனுக்குக் காதுதான் மூலதனம். கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கி கட்டுவான், திருவிழா என்றால் ஜீப்பில் உட்கார்ந்து ஊர் ஊராக அறிவித்துக்கொண்டு போவான். மிச்ச நேரமெல்லாம் யாராவது பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பான். என்ன பேசுகிறார்கள் என்பதில் அவனுக்குப் பெரிய அக்கறை கிடையாது. எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் வேண்டும். குடத்துக்குக் கழுத்து மாதிரி ஒவ்வொரு ஆளிடமும் பிடித்துத் தூக்க ஓர் இடம் இருக்கும் என்பது அவன் கண்டுபிடிப்பு. ஒருவருக்கு அது இருமல், இன்னொருவருக்கு வார்த்தைக்கு வார்த்தை மூக்கை உறிஞ்சுவது.

மிமிக்ரி கொடிகட்டிப் பறந்த காலம் அது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே எந்த கிளப் ஆண்டுவிழாவிலும் வரவேற்புரை இல்லாமல் போனாலும் போகும், மிமிக்ரி இல்லாமல் போகாது. மற்ற பையன்கள் சினிமா நடிகர்களைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்க, ஜெயன் ஊர்க்காரர்களையே மேடையேற்றினான். தைரியம்தான். அடி வாங்காமல் தப்பியது அவன் முன்னோர் செய்த புண்ணியம்.

தொண்ணூற்று நாலாம் வருஷ ஓணத்துக்கு இரண்டு பேரை எடுத்தான். ஒருவர் ரேஷன் கடை ராபின்சன். "மண்ணெண்ணெய் இல்லேன்னு நான் சொல்லல்ல. வரல்லேன்னாக்கும் சொல்லுதேன்" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொல்லும் ராபின்சனை அப்படியே கொண்டுவந்து நிறுத்தினான். மைதானம் அதிர்ந்தது.

மற்றவர் மாவு மில் ராஜையா. முப்பது வருஷமாக இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, வெளியிலும் அதே சத்தத்தில் பேசப் பழகிப்போனவர். ரகசியம் என்றால் குனிவார், கையால் வாயை மறைத்துக்கொள்வார், எல்லாம் முறைப்படி செய்வார். சத்தத்தை மட்டும் குறைக்கமாட்டார். ஒருமுறை சர்ச்சில் எல்லோரும் கண்ணை மூடி மௌன ஜெபத்தில் இருக்கும்போது, ஆண்கள் பக்கத்திலிருந்து நடுவழிக்கு அப்பால் இருந்த மனைவியிடம் குனிந்து, "ஜெயபாயி, அடுப்ப அணச்சியா?" என்று கேட்டார். போதகர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

ஜெயன் மேடையில் செய்தது ஆஸ்பத்திரிக் காட்சி. ராஜையா நோயாளியைப் பார்க்கப் போகிறார். உறவுக்காரர் காதில் குனிந்து, வாயை மறைத்து, மைக்கே தேவையில்லாத குரலில், "டாக்டர் சொன்னத இவருகிட்ட சொல்லாண்டாம்!" என்கிறார். நோயாளி எழுந்து உட்காருகிறான். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. முன்வரிசையில் இருந்த ராஜையாவும் சிரித்தார். சிரித்து முடித்துப் பக்கத்து ஆளிடம் குனிந்து, "இது ஆராக்கும்?" என்று கேட்டார். அந்தக் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. தானே வந்து கூட நடித்துக் கொடுக்கிறாரே என்று ஜெயன் மேடையிலிருந்தே அவரைக் கும்பிட்டான்.

அதன் பிறகு நடந்ததுதான் ஜெயனுக்குப் பிடிபடவில்லை. ராபின்சன் கடையில் முன்பெல்லாம் மண்ணெண்ணெய் வராத நாளில் சண்டை நாறும். இப்போது அவர் "இல்லேன்னு நான் சொல்லல்ல" என்று தொடங்கினால் வரிசையே மிச்சத்தைச் சேர்ந்து சொல்லிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனது. அடுத்த ஓணத்துக்கும் தன்னை மேடையேற்ற வேண்டும் என்று அவரே வந்து கேட்டுக்கொண்டார். ராஜையாவோ வாயை மூடிக்கொண்டார். சர்ச்சில் பாட்டுக்கு உதட்டை மட்டும் அசைத்தார். டீக்கடையில் விரலைக் காட்டி டீ வாங்கினார். ஒரே மேடை, ஒரே சிரிப்பு, ஒருத்தருக்கு மருந்து, ஒருத்தருக்கு விஷம். ஏன்? ஜீப்பில் அறிவித்துக்கொண்டு போகும்போதுகூட அவன் மனம் அதையே சுற்றி வந்தது.

எட்டு மாதம் கழிந்து ஒரு மத்தியானம், ராஜையாவின் மனைவி ஜெயபாய் மைக் செட் கடை வாசலில் வந்து நின்றாள். ஜெயன் சட்டென்று எழுந்து நின்றான்.

"மக்கா, ரெஜிலாக்க அப்பா இப்ப வீட்டுல ஒண்ணும் மிண்டமாட்டேங்குதாரு. தண்ணி வேணும்னாக்கூட கையைக் காட்டுதாரு. வாற ஞாயித்துக்கெழம கோட்டுகாலுல இருந்து ரெஜிலாவப் பெண்ணு பாக்க வாறாவ. நான் வெளிய வரல்ல, உனக்க அண்ணன் பேசட்டும்ங்குதாரு. அப்பன் வீட்டுல இருக்கும்போ மாமன் பேசினா வாறவிய என்ன நினைப்பாவ?"

"நான் வேணும்னு செய்யல்ல மாமி."

"உன்னக் குத்தம் சொல்ல வரல்ல. நல்லாத்தான் இருந்துது. நானும் சிரிச்சேன். அதாக்கும் கஷ்டம்."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"எனக்குத் தெரிஞ்சா நான் இஞ்ச வருவனா?" என்றாள். சேலை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ஜெயன் மில்லுக்குப் போனான். ஐந்தாறு பெண்கள் அரிசியும் மல்லியும் நிறைத்த டப்பாக்களோடு காத்திருந்தார்கள். மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. ராஜையா அவனைப் பார்த்தும் பார்க்காததுபோல் நின்றார். ஜெயன் அவர் காதருகே போய்க் கத்தினான்.

"தப்பாயிப்போச்சு மாமா! நீங்களும் கூடச் சிரிச்சியளே, சந்தோஷம்னுல்லா நினைச்சேன்!"

மில் ஓடும்போது மட்டும் அவருக்குக் குரல் இருந்தது. "வேற எவனோன்னு நெனச்சுச் சிரிச்சேம்லே! நான் சத்தமாப் பேசுதேன்னு எனக்குத் தெரியாது!"

"தெரியாதா?"

"அண்ணைக்காக்கும் தெரிஞ்சுது! ஊருக்கே தெரியும், பெஞ்சாதிக்குத் தெரியும், போதகருக்குத் தெரியும். முப்பது வருஷமா ஒருத்தரும் எனக்கிட்ட சொல்லல்ல! ரெஜிலாக்க மொத கல்யாண ஆலோசன எதுனால முறிஞ்சுது, தெரியுமா? பையன் தங்கம், மூக்குதான் கொஞ்சம் கூடுதல்னு மாமிக்கக் காதுல சொன்னேன். காதுலன்னுல்லா நெனச்சேன்!"

ஜெயனுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது இறங்கிப்போனது. இதுவரை சொன்ன ரகசியம் ஒவ்வொன்றையும் இந்த மனிதர் எட்டு மாதமாக எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். ராபின்சனுக்குத் தன்னைத் தெரியும். இவருக்குத் தெரியாது. ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்றை அவருக்கு மட்டும் ஆயிரம் பேர் நடுவில் சொல்லிக்கொடுத்தவன் தான்தான் என்பது ஜெயனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. பதிலுக்குத் தன்னிடமிருந்தும் எதையாவது கொடுத்தாக வேண்டும் என்று தோன்றியது. இந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியமும் வந்தது.

"எனக்கும் உண்டு மாமா! அதியன்னூருல ஷீனான்னு ஒரு பெண்ணு! வீட்டுல போயிக் கேட்டேன்!"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மோட்டார் முனகி அடங்கியது. பேச்சின் வேகத்தில் இருந்த ஜெயனுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"கோமாளிக்குப் பெண்ணு இல்லேன்னு படி எறக்கி விட்டாவ! நான் ஒரு மனுஷங்கிட்டயும் சொல்லல்ல!"

மில் முழுக்க அது கேட்டது. ரோட்டிலும் கேட்டிருக்கும். காத்திருந்த பெண்கள் ஒரு நொடி திகைத்தார்கள். அப்புறம் ஒருத்தி வாயைப் பொத்தினாள், இன்னொருத்தியால் பொத்த முடியவில்லை. ஊரையே சிரிக்கவைத்தவன் காது சிவக்க, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாவு படிந்த தரையைப் பார்த்தான்.

ராஜையா அந்த முகத்தைப் பார்த்தார். எட்டு மாதமாகக் கண்ணாடியில் தினம் பார்க்கும் முகம்தான் அது. அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எலே!" என்றார். பெண்கள் துள்ளிவிட்டார்கள். "மில்லு நிண்ணா சத்தத்தக் கொறைக்கணும்னு ஒனக்குத் தெரியாதா? சாரமில்ல, விடு, எனக்கும் அம்பத்தஞ்சு வயசாக்கும் ஆச்சு, இது தெரிய!"

இப்போது பெண்கள் சிரித்தது அவரைப் பார்த்து. அவர் குறுகவில்லை. தன் வாழ்நாளில் முதன்முதலாகத் தானே சொன்ன தமாஷ் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, தானும் சிரித்தார். ஜெயனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டான்.

சத்தம் கேட்டு மில்லுக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து ஜெயபாய் ஓடிவந்து வாசலில் நின்றாள். அவளைக் கண்டதும் ராஜையா ஜெயனைத் தோளில் பிடித்து ஓரமாக இழுத்தார். குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, அவன் காதில் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம நானே பேசுதேன். நீ வந்து எனக்கப் பக்கத்துல இரி. நான் ரகசியம் சொல்ல வாயெடுத்தா என் காலச் சவுட்டி மிதிக்கணும். மாமிக்குத் தெரியாண்டாம், கேட்டியா?"

சரி என்று ஜெயன் தலையாட்டினான். காத்திருந்த பெண்களும் தலையாட்டினார்கள். வாசலில் நின்ற ஜெயபாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.