பதினேழாம் நம்பர்

செபஸ்தியான் அண்ணன் போன மாதம் ரிட்டயர் ஆனார். அவருடைய ஃபிலிம் அறையில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். ஃபிலிம் கழுவும் அந்த மருந்து நெடி மூக்கில் ஏறினாலே பத்து வருஷம் பின்னால் போய்விடுகிறேன்.

அப்போது நான் துவாக்குடியில் ஒரு ஷெட்டில் வெல்டர். நாங்கள் பற்றவைக்கும் பாய்லர் குழாய்களை எக்ஸ்ரே எடுப்பார்கள். அண்ணன் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்து, தேறியதா இல்லையா என்று எழுதுவார். ஓரத்தில் வெல்டரின் நம்பர் தெரியும். என் நம்பர் பதினேழு. ஷெட்டில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

அண்ணன் கெட்டவர் இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பாலக்கரையிலிருந்து கேக் வாங்கி வந்தால் முதல் துண்டு எனக்குத்தான். ஆனால் பதினேழைப் பார்த்ததும் லென்ஸைக் கையில் எடுத்துக் குறை தேடுவார். நாலாம் நம்பருக்கு லென்ஸ் மேசையிலேயே கிடக்கும். நாலு, அவருடைய கூட்டாளி அழகிரி. இருவரும் வருஷக்கணக்காக ஒரே ஸ்கூட்டரில் வருகிறவர்கள்.

மாதத்தில் மூன்று தேறாவிட்டால் வேலை போய்விடும். எனக்கு மூன்றாவதும் வந்தது. கோபம் பொத்துக்கொண்டு வர, நேரே அவர் அறைக்குப் போனேன்.

“நம்பரை மறைச்சுட்டுப் பாருங்கண்ணே. அப்பவும் என்னோடது தப்புன்னா பேசாம போயிடறேன்.”

“பைத்தியமே, நான் வெல்டைத்தானே பாக்குறேன்?” என்று சிரித்தார். காலையில் பார்த்து முடித்த, என்னுடையதும் சேர்ந்த ஆறு ஃபிலிம்களில் என்னையே டேப் ஒட்டிக் கலைத்துத் தரச் சொன்னார். ஆறுக்கும் லென்ஸ் பிடித்தார். ஒன்றை மட்டும் தள்ளிவைத்தார். டேப்பை உரித்தேன். நாலு.

அண்ணனின் முகம் சுண்டிப்போயிற்று. என்னுடைய பழைய இரண்டையும் எடுத்துப் பார்த்தார். அதில் ஒன்று நிஜமாகவே என் தப்பு. அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

அன்றைக்கே எல்லாவற்றையும் திருத்தி எழுதி, மேனேஜரிடம் போய், “தப்பு என் பேர்ல எழுதுங்க சார்” என்றார். மறுநாளிலிருந்து அழகிரி பஸ்ஸில் வந்தார். அந்த ஸ்கூட்டரின் பின் சீட் கடைசிவரை காலியாகவே இருந்தது. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் டேப் ஒட்டுவதை அண்ணன் ஒரு நாளும் விடவில்லை.

ஃபிலிம் பார்க்கும் பரீட்சையில் தேறி நான் இந்த மேசைக்கு வந்ததும் டேப்பை டிராயரில் போட்டுவிட்டேன். பட்டவளுக்கு அது எதற்கு என்று நினைத்தேன்.

நேற்று நாலாம் நம்பர் வந்தது. பார்த்ததுமே கை லென்ஸுக்குப் போனது. ஏதாவது குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை. வெட்கமாகிவிட்டது. டிராயரைத் திறந்து டேப்பை எடுத்து, ஃபிலிம் கட்டோடு பக்கத்து மேசை பானுப்ரியாவிடம் நீட்டினேன்.

“எல்லா நம்பரையும் மறைச்சு, கலைச்சுக் குடும்மா.”