பதினோரு நாள் ஈ

எங்கள் கட்டிடத்தில் அவருக்கு ஈயக்கா என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தப் பெயர்தான். வாசலில் காவலுக்கு இருப்பவர்கூட, "ஈயக்கா மேலதான் இருக்காங்க, போங்க" என்பார். உங்களுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஈ ஓட்டுறேன்" என்று அவரே சொல்லிவிடுவார். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. எள்ளில் பாதி அளவுக்கு ஒரு ஈக்கூட்டம் உண்டு. பறக்கச் சோம்பல்பட்டு ஓடியே பிழைப்பை நடத்துகிற ஈக்கள். அதில் இது எந்த ஈ, இதற்கு முன்னால் யாராவது பார்த்து எழுதியிருக்கிறார்களா, இல்லை புதுசா என்று கண்டு சொல்வதுதான் அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி, அதே மைக்ராஸ்கோப். நான் பக்கத்து மேஜை. அவர் பார்ப்பதை நான் படமாக வரைவேன்.

எனக்குக் கோபம் அதிகம், அவருக்கு வாய் அதிகம். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதற்கே மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். ஆனால் வேலையில் அவரிடம் ஒரு குறை சொல்ல முடியாது. இந்த ஈக்களில் பெண் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருக்கும். ஆணின் பின்பக்கத்தில் இருக்கிற முள்மயிர்களை எண்ணினால்தான் இனம் தெரியும். வெளியூரிலிருந்து யாராவது பெண் ஈயை மட்டும் அனுப்பிப் பெயர் கேட்டுவிட்டால் போதும். "பொண்ணு போட்டோவை அனுப்பிட்டு மாப்பிள்ளை யாருன்னு கேக்குறான் பாரு" என்று நாள் முழுக்கத் திட்டித் தீர்ப்பார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தம் என்று இருந்தது ஒரே ஓர் அக்கா. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஈயக்காவே அவரை டீச்சர் என்றுதான் சொல்வார், நாங்களும் அப்படியே. டீச்சர் ஊரின் இன்னொரு மூலையில் தனியாக இருந்தார். இரண்டு பேருக்கும் ஆகாது. ஆனால் இரண்டு பேருக்கும் வேறு யாரும் இல்லை. கடைசியாகச் சண்டை வந்தபோது டீச்சர் சொன்னாராம்: "எனக்கு உடம்புக்கு முடியலைன்னா வர மாட்ட. ஒரு ஈ செத்துதுன்னா மட்டும் விழுந்தடிச்சு ஓடுவ."

அதற்கு ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை மத்தியானம், எங்கள் அறைக்கு போன் வந்தது. நான்தான் எடுத்தேன். டீச்சர். நான் திரும்பிப் பார்த்தேன். ஈயக்கா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கையை ஆட்டினார், நான் இல்லை என்று சொல் என்பதாக. நான் அப்படியே சொன்னேன். "அவசரமெல்லாம் இல்லப்பா. முடிஞ்சா கூப்பிடச் சொல்லு" என்றார் டீச்சர். சொன்னேன். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார் ஈயக்கா. பிறகு அவரும் மறந்தார், நானும் மறந்தேன்.

போன் வந்து பதினாறு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிக் கதவை உடைத்தார்கள். டீச்சர் சமையலறையில் விழுந்து கிடந்தார். டாக்டர் "ரெண்டு வாரம் ஆகியிருக்கலாம்" என்றார். அதற்கு மேல் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. ஈயக்காவுக்குத் தெரியும். அழுதுகொண்டே ஜன்னல் ஓரத்தில் ஓடிய ஈக்களைச் சின்னக் குப்பியில் பிடித்தார். இறக்கை இன்னும் விறைக்காத ஈக்கள். அன்று காலைதான் கூட்டை உடைத்து வெளியே வந்தவை. அவர் அதைச் செய்தபோது, கூடப் போயிருந்த நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்ன மனுஷி இவர் என்றுகூட நினைத்தேன், தப்புத்தான்.

மறுநாளே வேலைக்கு வந்து, குப்பியிலிருந்து ஓர் ஈயை எடுத்து வைத்து, ஒரே நிமிடம் பார்த்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னார். எல்லா ஊரிலும் இருக்கிற சாதாரண ஈ அது. செத்த உடம்பில் முட்டையிடும், முட்டையிலிருந்து இறக்கை வரை பதினாறு நாள் எடுக்கும்.

"பதினாறு நாள் தம்பி. அப்போ திங்கட்கிழமையே போயிட்டா. நான் மறுநாள் கூப்பிட்டிருந்தாலும் எடுக்க ஆளில்ல."

"ஆமா அக்கா" என்றேன். எனக்கும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. நானும்தானே அன்று பொய் சொன்னேன்.

அந்தப் பதினாறை வைத்துக்கொண்டு அவர் மூன்று வாரம் சாப்பிட்டார், தூங்கினார். பிறகு நான்தான் கெடுத்தேன். அந்தச் சாதாரண ஈக்கு எங்களிடம் இருந்த படம் பழசு. பழைய புத்தகத்தைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடிக்க எனக்குப் பிடிக்காது. அவர் இல்லாத நேரத்தில் அந்தக் குப்பியிலிருந்து ஓர் ஆண் ஈயை எடுத்து, வேகவைத்துத் தெளியவைத்து, கண்ணாடியில் ஏற்றி வரைந்தேன். முள்மயிர் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது. இன்னோர் ஆணை எடுத்தேன். மூன்று. ஐந்தாவதுக்கும் மூன்று.

படத்தை அவர் முன் வைத்தேன். முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: இருபத்தாறு வருடம் ஊரையே திட்டிய மனுஷி, பெண் ஈயை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லியிருக்கிறார். அவசரத்தில் நடந்த தப்பு இல்லை அது. ஆணைப் பார்க்க அவர் பயந்திருக்கிறார்.

"மூணாவதை அழிச்சிடு, தம்பி."

"அக்கா?"

"தூசியா இருக்கும். அழிச்சிடு."

"அஞ்சு ஈயிலயும் அதே இடத்துலயா தூசி? நான் அழிச்சிடுவேன் அக்கா, எனக்கென்ன. நாளைக்கு நீங்களே என்னை உண்டு இல்லன்னு ஆக்குவீங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ரப்பரை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். நான் அதைத் தொடவில்லை. இன்றைக்கும் சில சமயம், தொட்டிருக்கலாமே என்று தோன்றும்.

புது ஈ. யாரும் எழுதாத ஈ. அப்படியென்றால் அது வளர எத்தனை நாள் என்பதும் யாருக்கும் தெரியாது. பதினாறாகவே இருக்கலாம், அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். டீச்சர் வீடு பூட்டியே கிடந்தது. தொட்டிக்குக் கீழே சாக்கடைக் குழாய்ப் பக்கம் அதே ஈ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஈயக்கா உயிரோடு பிடித்து வந்து, ஒரு ஜாடியில் ஈரல் துண்டு வைத்து, அந்தச் சமையலறையின் அதே சூட்டில் முட்டையிட வைத்தார். ஜாடியில் தேதி எழுதி ஒட்டினார். பிறகு இரண்டு பேரும் காத்திருந்தோம். சாமி நம்பிக்கை இல்லாதவன் நான். அந்த நாட்களில் ஓர் ஈயிடம் வேண்டிக்கொண்டேன், மெதுவாக வா என்று.

பதினோராம் நாள் காலை நான்தான் முதலில் வந்தேன். ஜாடியின் கண்ணாடியில் நான்கு ஈக்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னலைத் திறந்தேன். மூடியிலும் கை வைத்துவிட்டேன்.

"வந்துடுச்சா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

"இல்லக்கா" என்றேன்.

அவர் என் கையை மெதுவாக விலக்கிவிட்டுக் குனிந்து எண்ணினார். நோட்டில் பதினொன்று என்று எழுதினார். பிறகு என்னிடம் பேசுவதுபோல இல்லாமல் பேசினார். "கதவை உடைச்ச அன்னைக்குப் பதினோரு நாள் முன்னாடின்னா சனிக்கிழமை. அதுக்கு முன்னாடி எப்போன்னாலும் இருக்கலாம். திங்களா இருக்கலாம். சனியாவும் இருக்கலாம்."

"திங்களாவே இருக்கும் அக்கா."

"இருக்கும். இல்லாமலும் இருக்கும்."

அவர் நினைத்திருந்தால் அந்த ஈயைப் பற்றி எழுதாமலே விட்டிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? எழுதினார். நிறம், இறக்கை நரம்பு, கால், மூன்றாவது முள்மயிர், பதினோரு நாள், எல்லாவற்றையும். டீச்சர் பெயரையே வைத்துவிடுங்களேன் என்று மேலதிகாரி சொன்னார். "அவளுக்கு ஈன்னாலே அருவருப்பு, பாவம்" என்று மறுத்துவிட்டார். புது இனத்துக்கு அடையாளமாகப் பத்திரப்படுத்துகிற முதல் ஈயோடு வைக்கிற சீட்டு நகத்தளவுதான் இருக்கும். எழுத என் கையெழுத்துதான் தோது. எந்த இடம், என்ன தேதி, எதிலிருந்து என்று எழுத வேண்டும். மூன்றாவதில் என் பேனா நின்றது.

"மனித உடல்னு எழுது" என்றார்.

"யாரோடதுன்னு யாராவது கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. எத்தனை நாள்னுதான் கேப்பாங்க."

அச்சாகி வந்து ஒரு வருடமாகிவிட்டது. ஈயக்கா முன்பு மாதிரியே வருகிறார், திட்டுகிறார், ஜன்னலுக்குச் சண்டை போடுகிறார். ஆனால் திங்கட்கிழமை மத்தியானம் ஆனால் போதும், வேலைக்கு நடுவில் பேச ஆரம்பிப்பார். "போனை வெச்சுட்டு கொஞ்ச நேரம் படுத்திருப்பா." செவ்வாய்க்கிழமை, "துணி துவைச்சிருப்பா, கொடியில ரெண்டு புடவை கிடந்துச்சே." புதன்கிழமை தலைவலி. வியாழக்கிழமை யாரோ கதவைத் தட்டி, திறந்தால் ஆளில்லை. ஒவ்வொரு வாரமும் டீச்சர் எங்கள் அறையில் இப்படி உயிரோடு நடமாடுகிறார். முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது. நிறுத்துங்கள் என்று கத்தியும் பார்த்தேன். இப்போது கத்துவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஈயக்கா என்ன செய்வார் என்று நான் கேட்டதில்லை.

நேற்று சாயங்காலம் மைக்ராஸ்கோப்புக்கு உறை போட்டுக்கொண்டே, "இன்னைக்கு வெள்ளிதானே?" என்றார்.

"ஆமா அக்கா."

"அப்போ இன்னும் ஒரு நாள் இருக்கு அவளுக்கு" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வேகமாகப் படியிறங்கினார்.