அப்பா கொடுத்த டொனேஷன்

அப்பாவின் இறுதிச் சடங்கில் அம்மா, அக்கா, நான், எங்கள் டிபன் கடைக்கு வழக்கமாக வருபவர்கள், கடைக் கணக்கு பார்க்கும் அங்கிள், என் பள்ளித் தலைமை ஆசிரியர் ஆகியோர் இருந்தோம். சித்தப்பாவுக்கு விசா கிடைக்கவில்லை. வரித் துறையிலிருந்து ஒருவரும் வரவில்லை. அப்பாவும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

லால்குடிக்கு அருகே பிறந்த அப்பா பள்ளிக்கூடத்துப் படி ஏறாதவர். ஒரு டாக்டர் வீட்டுச் சமையலுக்காக டெக்சாஸ் வந்து, பிறகு ரிச்சர்ட்சனில் சொந்தமாகக் கடை வைத்தார். என்னை அங்குள்ள தனியார் பள்ளியில் சேர்க்க விரும்பினார். நான் அந்தப் பள்ளியின் சயின்ஸ் லேபை ஜன்னல் வழியாகப் பார்த்து ஏங்கியவன். "இடமில்லை" என்றார் தலைமை ஆசிரியர். அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும்தான்.

மறு வருடம், நிறம் பார்த்துச் சேர்க்கும் பள்ளிக்கு வரிவிலக்கு கிடையாது, வரித் துறை செய்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே தலைமை ஆசிரியர் எங்கள் கடைக்கே வந்துவிட்டார். சீட் உண்டு, பீஸ் வேண்டாம் என்றார். நான் அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அப்பா தோசைக்கல்லைத் துடைத்தபடியே, "போன வருஷம் சீட்டே இல்லன்னாரு. இப்ப சும்மா குடுக்கறாரா? ஸ்கூல்ல ஏதோ கோளாறு இருக்குடா" என்றார்.

"கோர்ட்ல தீர்ப்பு வந்திருக்குப்பா."

"கேஸ் வேறயா? வேணவே வேணாம்."

அம்மாதான், "புள்ள ஆசப்படறான். டொனேஷன் குடுக்காம சேத்தா உங்களுக்குத் தூக்கம் வராதா?" என்றார்.

"வராது."

கல்லாவிலிருந்து ஐந்நூறு டாலரை எடுத்து, ஆப்பிள் வைத்த தட்டில் நீட்டினார் அப்பா. தலைமை ஆசிரியர் பதறிப்போய் மறுத்தார். அப்பா தட்டை இழுத்துக்கொண்டார். "வாங்கலன்னா புள்ளையும் இல்லன்னு சொல்லுடா."

சொன்னேன். அவர் எங்கள் கடை போனிலேயே யாரிடமோ பேசிவிட்டு, பணத்தை வாங்கி ரசீது கொடுத்தார். ஆப்பிளையும் எடுத்துக்கொண்டார்.

நன்கொடையை வரியில் கழிக்கலாம் என்று கணக்கு பார்க்கும் அங்கிள் சொல்ல, அப்பா கழித்தார். வரித் துறை மறுத்து, குறைத்துக் கட்டிய வரியை அபராதத்தோடு கேட்டது. ரசீது போட்ட அன்று பள்ளிக்கு வரிவிலக்கு இல்லையாம். வெள்ளையர் அல்லாத முதல் மாணவனாக நான் சேர்ந்த பிறகுதான் அது திரும்பியதாம். கேட்டதும் அப்பாவுக்குப் பெருமை. "கவர்மென்ட்டே காசு கேக்குதுன்னா பெரிய ஸ்கூல்தாண்டா."

மருத்துவமனையில் கடைசி நாட்களிலும், "என் பையன் டொனேஷன் ஸ்கூல்ல படிச்சவன்னு நர்ஸம்மாகிட்ட சொல்லு" என்றார். சொன்னேன்.

சவப்பெட்டி தூக்கத் தோள் கொடுத்த தலைமை ஆசிரியருக்கும், இன்றும் நாங்கள் கணக்கு கேட்கும் அங்கிளுக்கும், உடனிருந்த அனைவருக்கும் எங்கள் நன்றி. இலவசமாகக் கிடைத்த என் படிப்புக்கு, வரி, அபராதம் உட்பட, அப்பாவுக்கு ஆன செலவு அறுநூற்றுப் பதினொரு டாலர்.